புதுப்பிப்பு: ஆமையை வைத்து ஒரு கடல் பாடம்

கடல்வாழ் உயிர்களை அறிவியலோடு நிறுத்தாமல், கணக்கு, தமிழ் ஆகியவற்றோடும் இணைத்து நான்காம் வகுப்பு மகளுக்கு வீட்டில் எப்படிக் கற்பிக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஒரே உயிரினத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பலரும் சொன்னதால், ஜனவரி முதல் சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையைத் தேர்ந்தெடுத்தோம்.

கணக்கு எளிதாக அமைந்தது: ஒரு குழியில் ஏறத்தாழ 100 முட்டைகள், பொரிக்க 45 முதல் 60 நாள். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் மிகுதியாகும் என்பதையும் வரைபடமாக்கினாள்.

சூடுபிடித்தது தமிழ்ப் பாடம்தான். அகநானூற்றின் 160ஆம் பாடலில், சூல்கொண்ட ஆமை அடும்பங்கொடி சிதைய மணலில் புதைத்துவைத்த புலால் நாறும் முட்டைகளை, குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காப்பதாக வருகிறது. முட்டையிட்டதும் தாய் கடலுக்குத் திரும்பிவிடும், ஆண் காவல் காப்பதே இல்லை என்று முன்பே படித்திருந்த மகள், "அப்போ புலவர் பொய் சொன்னாராப்பா?" என்று கேட்டாள். கொடியையும் வாடையையும் அவ்வளவு துல்லியமாகக் கவனித்தவர் காவலை மட்டும் ஏன் கற்பனை செய்தார் என்று நெடுநேரம் விவாதித்தோம். பாடநூல் இத்தகைய பயிற்சியைத் தருவதில்லை என்பது என் எண்ணம்.

அடுத்து, குஞ்சுகள் தெருவிளக்கை நோக்கித் திசைமாறுவதை வைத்து ஒளி பற்றிய பாடத்தைத் தொடங்குகிறோம்.