பழைய இரட்டை ஜியான் வொர்க்ஸ்டேஷனை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: பாளையங்கோட்டை, திருமண வீடியோ ஸ்டுடியோ

எங்கள் எடிட்டிங் முழுவதும் ஹெச்பி இசட்820 ஒன்றில்தான் நடக்கிறது. இன்டெல்லின் ஜியான் இ5-2680 வி2 பிராசஸர் இரண்டு, ஆக 20 கோர்கள், 128 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1080 கிராபிக்ஸ் கார்டு. சோனி ஏ7எஸ்3 கேமரா வந்த பிறகு, அதன் 4கே எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை) 4:2:2 10-பிட் (நிற விவரம் கூடுதலாக உள்ள) கோப்புகளை ரிசால்வ் ஸ்டுடியோ எடிட்டிங் மென்பொருளில் மூன்று கேமரா அடுக்காக ஓட்டினால், முகூர்த்தக் காட்சி நின்று நின்று நகர்கிறது. பழைய கேமராவின் 8-பிட் கோப்புகளோ தங்குதடையின்றி ஓடுகின்றன. விற்பனையாளர் ஒருவர் ஏஎம்டியின் 32 கோர் த்ரெட்ரிப்பர் பிராசஸர்தான் தீர்வு என்கிறார். அவ்வளவு செலவு அவசியமா?

பதில்: தென்காசி

அண்ணாச்சி, விலை கேட்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கோப்பை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் கார்டின் ‘வீடியோ டிகோட்’ (சுருக்கிய வீடியோவை அவிழ்க்கும் வேலை) வரைபடத்தைப் பாருங்கள். பிறகு அதே கோப்பை டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி வடிவில் ப்ராக்ஸியாக (எடிட்டிங்குக்கான இலகு நகலாக) மாற்றி, கலர் கிரேடிங்கைக் கலைக்காமல் ஓட்டுங்கள். ப்ராக்ஸி தடையின்றி ஓடினால், கோளாறு இயந்திரத்தின் வலுவில் இல்லை, கோப்பை அவிழ்க்கும் இடத்தில்தான் இருக்கிறது.

கேட்டவர்

செய்து பார்த்தேன். மூலக் கோப்பு ஓடும்போது டிகோட் வரைபடம் சுழியத்திலேயே கிடக்க, பிராசஸர்தான் திணறுகிறது. ப்ராக்ஸியில் மூன்று அடுக்கும் சீராக ஓடின.

பதில்: தென்காசி

அப்படியானால் த்ரெட்ரிப்பர் பேச்சை விட்டுவிடலாம். ஜிடிஎக்ஸ் 1080 எச்.265 10-பிட்டை, நிற விவரம் குறைந்த 4:2:0 வரைதான் வன்பொருளில் அவிழ்க்கும். 4:2:2 என்றால் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். உங்கள் ஜியானிலும் அதற்கான பகுதி கிடையாது, த்ரெட்ரிப்பரிலும் கிடையாது. இன்டெல் கோர் 12-ஆம் தலைமுறை முதலான பிராசஸர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸ் இந்த வேலையை எளிதாகச் செய்யும். ஆனால் மாடல் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அந்தக் கிராபிக்ஸே இருக்காது. விலை சற்றுக் குறைகிறதென்று கடைக்காரர் அதைத்தான் முதலில் நீட்டுவார், வாங்கிவிடாதீர்கள். எச்.265-க்கு முந்தைய முறையான எச்.264-இல் 4:2:2 10-பிட் எடுக்கும் வழக்கமும் இருந்தால் இந்த கிராபிக்ஸை நம்ப வேண்டாம். அதற்கு 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு தேவைப்படும்.

பதில்: வள்ளியூர்

மேலே சொன்னது சரியே. அதற்காக இசட்820-ஐ இன்னும் ஐந்தாண்டு ஓட்டலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்தது. விண்டோஸ் 11 இந்த ஜியான்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஏவிஎக்ஸ்2 என்ற பிராசஸர் கட்டளைத் தொகுப்பும் இவற்றில் இல்லாததால், அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவின் புதிய பதிப்புப் பக்கம் போகவும் வழியில்லை. பவர் சப்ளையோ ஹெச்பியின் தனி வடிவம். போய்விட்டால் வண்ணார்பேட்டைக் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது, சென்னை ரிச்சி தெருவில்தான் தேட வேண்டியிருக்கும். இணைய இணைப்பைத் துண்டித்து, ஸ்டுடியோவுக்குள் மட்டும் பழைய கல்யாணக் கோப்புகளின் சேமிப்பிடமாக அதை வைத்துக்கொள்வதே உத்தமம்.

கேட்டவர்

நாங்கள் எடுப்பது எச்.265 மட்டுமே. ஆகவே ‘எஃப்’ இல்லாத கோர் ஐ7 ஒன்றை ஆடியில் வாங்கி, அதுவரை ப்ராக்ஸியில் சமாளிக்கலாம் என்றிருக்கிறேன். கையிலிருக்கும் வைகாசி வேலைகளையும் அப்போது புதியதற்கு மாற்றிவிடலாமா?

பதில்: தென்காசி

பாதி எடிட் ஆன வேலையை மாற்றாதீர்கள். ரிசால்வின் புதிய பதிப்பில் திறந்து சேமித்த ப்ராஜெக்ட் பழைய பதிப்பில் மீண்டும் திறக்காது. ப்ராஜெக்ட் லைப்ரரியை (ரிசால்வ் எல்லா ப்ராஜெக்ட்களையும் சேமித்து வைக்கும் இடம்) முதலில் தனி டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். வைகாசி ஆல்பங்களை இசட்820-லேயே முடித்துக் கொடுத்துவிட்டு, ஆவணி முகூர்த்தங்களைப் புதியதில் தொடங்குங்கள்.