பிரே விகார் வரைபடம்: பிரான்ஸ் ஏமாற்றியதா, சயாம் ஒப்புக்கொண்டதா?

கிழக்குக்காற்று:
தாய்லாந்தும் கம்போடியாவும் 2025 ஜூலையில் மறுபடி பீரங்கியால் அடித்துக்கொண்டதற்கு வேர், 1907-இல் பாரிஸில் அச்சான ஒரு பொய் வரைபடம். பிரே விகார் சிவன் கோயில் தங்கள் பக்கம் வரும்படி, அன்று கம்போடியாவை ஆண்ட பிரெஞ்சு அதிகாரிகள் எல்லைக்கோட்டை வளைத்துவிட்டார்கள். 1962-இல் சர்வதேச நீதிமன்றம் அதை நம்பிக் கோயிலைக் கம்போடியாவுக்குத் தூக்கிக் கொடுத்தது. சயாம், அதாவது அன்றைய தாய்லாந்து, ஏமாற்றப்பட்டது, அவ்வளவுதான்.

ஆவணப்பித்தன்:
இந்த "ஏமாற்றப்பட்ட சயாம்" கதையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லையை அளந்து வரைபடம் போட்டுத் தரும்படி பிரெஞ்சு அதிகாரிகளைக் கேட்டதே சயாம் அரசுதான். 11 தாள்கள் தயாராகி 1908-இல் சயாமிடம் கொடுக்கப்பட்டன. உள்துறை அமைச்சர் இளவரசர் தம்ரோங் என்ன செய்தார்? பிரெஞ்சுத் தூதருக்கு நன்றி சொன்னார். மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க இன்னும் 15 பிரதிகள் வேண்டும் என்று கேட்டார். ஏமாந்தவன் எவனாவது கூடுதல் பிரதி கேட்பானா?

வடக்குவாசல்:
பிரதி கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடுமா ஐயா? சயாமும் பிரான்ஸும் செய்த 1904 பிப்ரவரி 13 ஒப்பந்தத்தைப் படியுங்கள். கோயில் நிற்கும் டாங்ரெக் மலையில் நீர்பிரி முகடுதான் எல்லை என்று அதில் இருக்கிறது. மழைநீர் எந்த இடத்தில் வடக்கே ஒரு பக்கமும் தெற்கே ஒரு பக்கமுமாகப் பிரிகிறதோ, அதுதான் எல்லை. வரைபடம் அச்சானபோது கூட்டு எல்லை ஆணையம் வேலையை முடித்துக் கலைந்துவிட்டது. ஆணையம் அதைப் பார்க்கவும் இல்லை, ஒப்புதல் தரவும் இல்லை. உருவான நேரத்தில் அந்த வரைபடம் யாரையும் கட்டுப்படுத்தவில்லை என்று நீதிமன்றமே எழுதியிருக்கிறது.

கோயிலின் படிக்கட்டைப் பாருங்கள். வடக்கே, தாய்லாந்துப் பக்கத்திலிருந்துதான் ஏறிப் போகிறது. தெற்கே கம்போடியச் சமவெளியை நோக்கிச் செங்குத்தான பாறை. வாசல் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, பாறைக்குக் கீழே இருப்பவனுக்குக் கோயிலை எழுதி வைப்பீர்களா?

ஆவணப்பித்தன்:
வாசலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 15 பிரதிகளைப் பற்றிக் கேட்டேன், அதற்குப் பதில் காணோம். டாங்ரெக் தாளில் கோயில் கோட்டுக்குத் தெற்கே, கம்போடியப் பக்கத்தில், பெயரோடு குறிக்கப்பட்டிருக்கிறது. ஆளுநர்களில் ஒருவர்கூட "இது தவறு" என்று சொல்லவில்லை. கலைந்த ஆணையம் ஒப்புதல் தரவில்லை என்கிறீர்கள். சரி, அரசு தந்துவிட்டதே. அமைச்சர் அரசு இல்லையா?

சோழநாட்டான்:
இரண்டு பேரும் சண்டை போடுவது தமிழன் கட்டிய கோயிலுக்காக என்பதை மறக்க வேண்டாம். சோழர் கைவண்ணம் அது.

தேன்மொழி:
அண்ணே, அது கெமர் மன்னர்கள் கட்டியது. 9-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, 11-ஆம் நூற்றாண்டில் முதலாம் சூரியவர்மன் பெரிதாக்கினான். கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் கெமரிலும் இருக்கின்றன. சிவன் அங்கே சிகரேஸ்வரர். சிவன் இருக்கும் இடமெல்லாம் சோழன் கட்டியதாகிவிடாது.

சோழநாட்டான்:
தமிழர் பெருமை என்றாலே உங்களுக்குக் கசக்கும். தெரிந்ததுதான்.

வடக்குவாசல்:
சோழரை விடுங்கள். ஆவணப்பித்தன் அமைச்சரைப் பற்றிக் கேட்டார், சொல்கிறேன். 1893-இல் பிரெஞ்சுப் பீரங்கிப் படகுகள் சாவோ பிரயா ஆற்றில் நுழைந்து பாங்காக் வரை வந்தன. மேகாங் ஆற்றின் கிழக்குக் கரை போயிற்று. அதற்கு மேல் 30 லட்சம் பிராங்க் அபராதம். சந்தபுரி நகரைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சுப் படை 1904 வரை உட்கார்ந்திருந்தது. 1907-இல் பட்டாம்பாங், சியாம் ரீப், சிசோபோன் மூன்றும் பிரான்ஸுக்குக் கைமாறின. இத்தனைக்கும் அடுத்த வருடம் வரைபடம் வருகிறது. நன்றி சொல்லாமல் என்ன சொல்வார் தம்ரோங்? எதிர்ப்புச் சொன்னால் இன்னும் நிலத்தைப் பிடுங்க பிரெஞ்சுக்காரருக்குச் சாக்குக் கிடைக்கும் என்பது அன்று எல்லாருக்கும் தெரியும் என்று அவர் மகளே பிறகு சொல்லியிருக்கிறார். கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்கிறீர்கள்.

ஆவணப்பித்தன்:
கையெழுத்தே இல்லையே, எந்தக் கத்தி? பயந்தவர் "கிடைத்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். 15 பிரதி கேட்கச் சொல்லி யாரும் மிரட்டவில்லை.

அப்புறம், அந்தப் பயம் எத்தனை காலம்? 1930-இல் அதே தம்ரோங் கோயிலுக்குப் போனார். பிரெஞ்சு அதிகாரி முழுச் சீருடையில் நின்று வரவேற்றார், பிரெஞ்சுக் கொடி பறந்தது. திரும்பி வந்து படங்களை அனுப்பி நன்றியும் தெரிவித்தார். 1934-35-இல் சயாமே நிலத்தை அளந்தது. நீர்பிரி முகடும் வரைபடக் கோடும் பொருந்தவில்லை என்று கண்டது. அதன் பிறகும் 1937-இல் தானே போட்ட வரைபடத்தில் கோயிலைக் கம்போடியாவில்தான் காட்டியது. 1947-இல் வாஷிங்டனில் சமரச ஆணையத்தின் முன் எல்லையைப் பற்றிப் பேச வாய்ப்பு வந்தது. பிரே விகாரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்று எந்தப் பீரங்கிப் படகு ஆற்றில் நின்றது?

வடக்குவாசல்:
இந்தியா-பாகிஸ்தான் எல்லையான ராட்கிளிஃப் கோடு பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் நின்ற வல்லரசைப் பார்க்கவே மாட்டீர்கள்.

ஆவணப்பித்தன்:
அந்த விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள். இன்னும் அங்கேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கிழக்குக்காற்று:
தாய்லாந்து மக்கள் ஆளுக்கு ஒரு பாட் (தாய்லாந்துப் பணம்) போட்டு நடத்திய வழக்கு ஐயா அது. அந்த வலி காகிதம் படிக்கிறவர்களுக்குப் புரியாது.

ஆவணப்பித்தன்:
1954-இல் தாய்லாந்துப் படை கோயிலில் ஏறி உட்கார்ந்ததே, கம்போடியர்களுக்கு மட்டும் வலிக்கவில்லையா? ஒருவருடம் முன்புதான் அவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்திருந்தது.

வடக்குவாசல்:
1962 தீர்ப்பு 9-க்கு 3. மாற்றுத் தீர்ப்பு எழுதிய மூவரில் ஒருவர் சீனாவின் வெலிங்டன் கூ. காலனி வல்லரசுகளோடு மேசையில் உட்கார்ந்து மல்லுக்கட்டியவர். நீதிமன்றம் நிபுணரை நேரில் அனுப்பி மலையைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். யாரும் போகவில்லை. மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற கேள்விக்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

ஆவணப்பித்தன்:
மூன்று பெரிதா, ஒன்பது பெரிதா? 2013-இல் அதே நீதிமன்றம், கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுக்குத்தான் என்று ஒருமனதாகச் சொன்னதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

வடக்குவாசல்:
அதே 2013 தீர்ப்பு பக்கத்தில் இருக்கும் புனோம் டிராப் குன்றைச் சேர்க்கவில்லை என்பதை நீங்கள் ஏன் விட்டீர்கள்? முழுத் தீர்ப்பையும் இங்கே போடுகிறேன், பொறுங்கள்.