மாறிகளை அசைபடமாகக் காட்டினால் மாணவருக்கு விளங்குமா?

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் என்னும் நிரலாக்க மொழியைக் கற்பிக்கிறேன். பாய்ச்சற்கோட்டுப் படத்தைத் தயங்காமல் வரையும் மாணவர்கள்கூட, இரண்டு மாறிகளில் (பெறுமானத்தை இட்டுவைக்கும் பெயர்களில்) உள்ள பெறுமானங்களை இடமாற்றச் சொன்னால் 'அ = ஆ' என்றும் அடுத்த வரியில் 'ஆ = அ' என்றும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். கரும்பலகையில் விளக்கினாலும் மறுவாரம் அதே விடைதான். செய்நிரல் இயங்குவதை அசைபடமாகக் காட்டும் கருவிகள் உண்மையில் பயன் தருகின்றனவா?

அக்கரைப்பற்று வாசகர்:
வணக்கம் ரீச்சர். பிலிப் குவோ உருவாக்கிய பைதன் டியூட்டர் என்னும் இணையத்தளத்தைப் பாருங்கள். அ-வில் 5, ஆ-வில் 8 இட்டு வரி வரியாக நகர்த்தினால், 'அ = ஆ' முடிந்த கணமே 5 மறைந்து இரண்டிலும் 8 நிற்பதை மாணவர் தாமே காண்பார்; 5-ஐ முன்கூட்டியே எடுத்துவைக்கும் தற்காலிக மாறி எதற்கு என்று அதன்பின் விளக்க வேண்டியதில்லை. (ஒரே வரியில் இடமாற்றும் வசதியும் பைதனில் உண்டு, அதை முதலிலேயே காட்டிவிடாதீர்கள்.) பட்டியல்களில் பயன் இன்னும் அதிகம். ஒரு பட்டியலை வேறொரு மாறிக்கு வழங்கி, அதன் வழியாக ஓர் உறுப்பைச் சேர்த்தால் முதல் மாறியிலும் அது தெரிவது ஏன் என்பது, இரண்டு அம்புக்குறிகளும் ஒரே பட்டியலைச் சுட்டுவதைக் கண்டால்தான் பிடிபடும்.

மட்டக்களப்பு விரிவுரையாளர்:
உடன்படுகிறேன்; ஆனால் 'அடுத்து' பொத்தானை அழுத்துவது யார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஹண்டவுசன், டக்ளஸ், ஸ்டாஸ்கோ ஆகியோர் 24 பரிசோதனை ஆய்வுகளை ஒப்பிட்டு 2002 இல் வெளியிட்ட கட்டுரை, மாணவர் திரையில் எதைக் காண்கிறார் என்பதைவிட அதைக் கொண்டு என்ன செய்கிறார் என்பதே கற்றலில் கூடுதல் தாக்கம் செலுத்துவதாகக் கூறுகிறது. ஆகவே பொத்தானை அழுத்துமுன் ஒவ்வொரு மாறியின் பெறுமானத்தையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். தாளும் திரையும் முரண்படும் வரியில் மட்டும் நிறுத்திக் கலந்துரையாடுங்கள். ஆசிரியரே மல்டிமீடியா எறிவையில் (புரொஜெக்டரில்) ஓட்டிக் காட்டும் அசைபடம் தொலைக்காட்சி பார்ப்பதைப் போன்றதுதான்.

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. எங்கள் கணினி அறையில் இணையம் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. இணையமின்றி இயங்கக்கூடியது ஏதும் உண்டா?

அக்கரைப்பற்று வாசகர்:
எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தொனி (Thonny) என்னும் இலவச மென்பொருள் உண்டு. அம்புக்குறிப் படங்கள் அதில் இல்லையென்றாலும், ஒரு கோவையின் ('அ + 2' போன்ற கணிப்பின்) பகுதிகள் ஒவ்வொன்றாகப் பெறுமானமாக மாறுவதைப் படிப்படியாகக் காட்டும். மாறிகள் தனிச் சாளரத்தில் தெரியும். விண்டோசில் பைதனும் சேர்ந்தே நிறுவப்படுவதால், பென்டிரைவில் எடுத்துச் சென்றாலே போதும்.