சித்திரை ரிலீஸ் படம் நம்ம பக்கம் எத்தனை நாள் ஓடும்? கணக்குப் பார்க்கிற ஐந்து ஊர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

ஹட்டன்:

சித்திரைக்கு வரும் படம் எப்படிப் போகும் என்று கேட்டால் ட்ரெய்லர் எத்தனை மில்லியன் தாண்டியது என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். இலங்கை மலையகத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. இங்கே கேள்வி இரண்டு. முதல் நாலு நாள் எவ்வளவு கூட்டம் வரும்? அதற்குப் பிறகு எத்தனை நாள் தாங்கும்? முதலாவதற்குப் பதில் கலண்டரில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில், முதல் ஞாயிறு மெட்னி (பிற்பகல்) ஷோவுக்கு யார் வந்தார்கள் என்பதில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் முதல் நாள் பட்டாசு வெடித்த படத்துக்குப் பத்தாம் நாள் போஸ்டர் மாறும்போது ஆச்சரியப்படுகிறோம்.

முதலில் கலண்டர். தோட்டச் சம்பளம் மாதம் 10ஆம் திகதியை ஒட்டி வரும். புத்தாண்டு 14. கொழும்பில் கடை, ஹோட்டல், ஆடைத் தொழிற்சாலை என்று வேலைக்குப் போன பிள்ளைகள் 11, 12இல் வீடு வந்து சேருவார்கள். பள்ளிக்கூட லீவும் அதோடு சேரும். 10க்கும் 14க்கும் இடையில் வரும் படத்துக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. 2025இல் 'குட் பேட் அக்லி' ஏப்ரல் 10, வியாழக்கிழமை வந்தது. இதைவிடப் பொருத்தமான நாள் இந்த மலைக்கு அமையாது. அதே மாதிரிப் படம் 24ஆம் திகதி வந்தால் நிலைமை வேறு. சம்பளம் கடைக் கடனுக்கும் நகை வட்டிக்கும் போய் முடிந்திருக்கும், கொழும்புப் பிள்ளைகள் திரும்பப் பஸ் ஏறியிருப்பார்கள். ஹீரோ யாராக இருந்தாலும் ஓப்பனிங்கைப் பாதி என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவது நல்லது.

புத்தாண்டுப் படத்தில் ஒரு பொறி இருக்கிறது. முதல் வாரக் கூட்டத்தில் பெரும்பங்கு அந்தக் கொழும்புப் பிள்ளைகள். 17க்கும் 20க்கும் இடையில் அவர்கள் போய்விடுவார்கள். படம் நன்றாக இருந்தாலும் அந்த இறக்கம் வரும். அதைப் பார்த்துவிட்டு 'டோக் (பார்த்தவர்கள் சொல்லும் பேச்சு) சரியில்லை, படம் விழுந்திருச்சு' என்று எழுதக்கூடாது. ஊரிலேயே இருக்கிறவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது 20க்குப் பிறகுதான் தெரியும்.

அடுத்தது கோயில். பங்குனியிலிருந்து வைகாசி வரை ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் திருவிழா நடக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் திகதி வேறு. தேர் சனிக்கிழமை வந்தால் அந்தத் தோட்டம் மட்டுமல்ல, பக்கத்து இரண்டு மூன்று டிவிஷனும் (தோட்டப் பிரிவும்) டவுன் பக்கம் வராது. ஆள் வராதது ஒரு நட்டம். திருவிழாச் சந்தா என்று வீட்டுக்கு வீடு காசும் போகிறது, அந்த மாதம் முழுக்க அது தெரியும். பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் திருவிழா நோட்டீஸ்களை ஒருமுறை வாசித்துத் திகதிகளைக் குறித்துக்கொண்டால் போதும். வசூல் கணக்குச் சொல்லும் யூடியூப் ட்ராக்கர் ஒருவரிடமும் இந்தத் தகவல் கிடையாது.

தேயிலைக் கொழுந்தையும் மறக்காதீர்கள். ஏப்ரல், மே மழைக்குக் கொழுந்து பொங்கும். அப்போது ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு மலை ஏறுவார்கள். பெண்கள் வராத ஞாயிறு மெட்னியில் குடும்பமும் வராது. அந்த ஒரு ஷோ காலியாக இருந்ததை வைத்துப் படத்துக்குத் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

தலவாக்கலை:

ஓடும் நேரம் பார்க்காமல் கணிக்கவே கூடாது. 6.30 ஷோவுக்கு வரும் படம் 2 மணி 45 நிமிடம் என்றால், விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்து விடும்போது 9.40 ஆகிவிடும். அந்த நேரத்துக்குத் தோட்டத்துப் பக்கம் பஸ் கிடையாது. ஆட்டோ ஹயர் டிக்கெட்டைவிடக் கூட வரும். அதனால் நீளமான படத்துக்கு இரவு ஷோவில் டவுன்காரர்களை மட்டும் எண்ணுங்கள். 2025 மே 1இல் வந்த இரண்டு படத்தை எடுங்கள்: 'ரெட்ரோ' 2 மணி 48 நிமிடம், 'டூரிஸ்ட் ஃபேமிலி' இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். நீளம் குறைந்த படத்தை ஒரு நாளைக்கு ஐந்து ஷோ போடலாம், கடைசி பஸ்ஸுக்கும் ஆள் போய்ச் சேரலாம்.

பண்டாரவளை:

ஹட்டன் அண்ணன் சொன்னதில் பாதிதான் எங்க ஊவா மாகாணத்துக்குப் பொருந்தும். மழை ரெண்டு பக்கமும் ஒன்னு இல்லைங்க.

மே கடைசியில தென்மேல் பருவ மழை இறங்கிட்டா கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட் பக்கம் சாயங்காலம் வெளியே தலை காட்ட முடியாது. மண்சரிவுன்னு ரோட்டை மூடினா அன்னைக்கு ஷோவே இல்லை. அதே ஜூன் மாசம் பண்டாரவளை, பதுளை, அப்புத்தளைப் பக்கம் காத்தும் வெயிலுமா இருக்கும். மழை மலைக்கு அந்தப் பக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துரும். ஆக ஜூன் ரிலீஸுக்கு மேற்குச் சரிவுக்கு ஒரு கணக்கு, ஊவாவுக்கு ஒரு கணக்கு போடணும். 'மலையகம்' என்று ஒரே எண்ணா போட்டவங்க கணக்கு ஜூன்ல தப்பாத்தான் வரும். ஏப்ரல்ல மட்டும் ரெண்டு பக்கமும் சமம், பகல் ரெண்டு மணிக்கு மேல இடியோட மழை. அந்த மாசத்துல காலை 10.30 ஷோவுக்கு எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வரும், ஏன்னா மழைக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிரலாம்.

பரீட்சையையும் சேருங்க. சாதாரண தரப் பரீட்சை 2022ல மே 23 தொடங்கிச்சு, 2023ல மே 29, 2024ல மே 6, 2025ல மார்ச்சுலேயே முடிஞ்சிருச்சு. வருஷா வருஷம் இடம் மாறுற இந்த ரெண்டு வாரத்துல பரீட்சை எழுதுற பிள்ளை மட்டும் இல்ல, அந்த வீடே படத்துக்கு வராது. போன வருஷ மே வசூலை வச்சு இந்த வருஷ மேயைக் கணிக்கிறவங்க முதல்ல பரீட்சைத் திகதியைப் பார்க்கணும். பௌத்தர்களோட வெசாக் பண்டிகையும் அப்படித்தான். 2023ல மே 5, 2024ல மே 23, 2025ல மே 12. அந்த ரெண்டு மூணு ராத்திரி ஊரே தோரணம், தன்சல் (இலவச சாப்பாட்டுப் பந்தல்) பார்க்கப் போயிரும்.

வகையைப் பத்தி ஒரு வார்த்தை. பேய்ச் சிரிப்புப் படத்துக்கு விமர்சனம் மோசமா வந்தாலும் கவலைப்படாதீங்க. லீவு நாள்ல பிள்ளைங்கதான் பெரியவங்களை இழுத்துக்கிட்டு வரும். 2024 மே 3ல வந்த 'அரண்மனை 4'க்குத் தமிழ்நாட்டுல விமர்சகர்கள் பெரிசா கை தட்டல, வசூல் நல்லாவே வந்துச்சு. வெட்டுக்குத்துப் படம்னா எதிர்ப்பக்கம்: ஓடிசி (மலிவு டிக்கெட் வகுப்பு) நிறையும், குடும்பம் உட்கார்ற பல்கனி நிறையாது.

கண்டி:

பல்கனி, ஓடிசி பற்றி மேலே சொன்னதை எண்ணாக மாற்றலாம். எங்கே ஆன்லைன் புக்கிங் இருக்கிறதோ அங்கே இருக்கை வரைபடம் தெரியும். ஆனால் அதை நம்பி மோசம் போகாதீர்கள். சில இருக்கைகள் அரங்குக்காக ஒதுக்கி வைத்தவை, அவையும் விற்றது போலவே காட்டும். படம் தொடங்கும் முன் ஒருமுறை, தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள். எல்லா ஷோவிலும் அதே இருக்கைகள் அடைபட்டிருந்தால் அவற்றைக் கழித்துவிடுங்கள். டிக்கெட் புத்தகம் கிழிக்கும் அரங்கில் இதைவிட எளிது. அன்றைய முதல் ஷோவில் கிழித்த முதல் இலக்கத்தையும் கடைசி ஷோவின் கடைசி இலக்கத்தையும் வகுப்பு வாரியாகக் குறித்தால் அன்றைய மொத்தம் வந்துவிடும்.

உதாரணத்துக்கு 400 இருக்கை, நாலு ஷோ. ஒரு நாளைக்கு 1,600 இடம். வெள்ளிக்கிழமை 1,100 போனது என்று வையுங்கள். சனி, ஞாயிறை ஒதுக்கிவிட்டு அடுத்த முதல் வேலை நாளைப் பாருங்கள். கவனம், திங்களை அல்ல, வேலை நாளை. ஏப்ரலில் திங்களும் செவ்வாயும் லீவாக வரலாம், அந்த எண்ணை ஒப்பிட்டால் எல்லாப் படமும் ஹிட்டாகத் தெரியும். அந்த வேலை நாளில் 550 அல்லது அதற்கு மேல் போனால், அதாவது பாதிக்குக் குறையாமல் நின்றால், படம் இரண்டாம் வாரத்தைத் தாண்டும். 380க்குக் கீழே என்றால் அடுத்த வெள்ளி போஸ்டர் மாறும். இடைப்பட்டதுதான் தொல்லை, அதற்கு இரண்டாம் சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டும்.

மொத்த ஓட்டத்துக்கு ஒரு கைக்கணக்கு. முதல் வெள்ளி, சனி, ஞாயிறுக் கூட்டத்தை, கெட்ட பேர் எடுத்த படத்துக்கு ஒன்றரையால் பெருக்குங்கள், சுமாரான படத்துக்கு இரண்டால், குடும்பம் வரும் படத்துக்கு மூன்றால். ரசிகர் பட்டாளம் பெரிதாக இருந்தால் பெருக்கும் எண் சிறிதாகும். பார்க்க வேண்டியவர்களெல்லாம் முதல் மூன்று நாளிலேயே பார்த்து முடித்திருப்பார்கள்.

நாள் ஒப்பீட்டுக்கு எந்த வருடத்தை எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2019ஐ எடுக்காதீர்கள், ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு அந்தக் கோடைக்காலமே இல்லை. 2020, 2021 கொரோனா. 2022 இன்னும் மோசம்: மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு, ஏப்ரல் தொடக்கத்தில் ஊரடங்கு, பெற்றோலுக்கு வரிசை. 'பீஸ்ட்' ஏப்ரல் 13, 'கேஜிஎஃப் 2' ஏப்ரல் 14 வந்தது அந்த நிலைமையில். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாத அரங்கில் விழுந்த வசூலுக்குப் படம் பொறுப்பில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அந்த இரண்டும் கற்றுத் தந்த பாடம் நமக்கும் உதவும்: முதல் நாள் காட்சி எண்ணிக்கையில் முந்திய படத்திடமிருந்து அடுத்த சில நாளில் காட்சிகள் மற்றதற்குக் கைமாறின. ஒரே வாரத்தில் இரண்டு படம் மோதினால் முதல் நாள் வசூலைவிட மூன்றாம் நாள் காட்சி எண்ணிக்கையைக் கவனியுங்கள்.

கண்டிக்கு மட்டும் இன்னொன்று. நோன்பு மாதத்தில் மாலைக் காட்சி இறங்கும், பெருநாள் அன்றும் மறுநாளும் ஏறும். ஹட்டனில் இது அவ்வளவு தெரியாது.

நாவலப்பிட்டி:

காலைக் காட்சி ரத்தானால் உடனே 'படம் வரலை' என்று பரப்பாதீர்கள். இப்போது படம் டிஜிட்டல் கொப்பியாகப் பூட்டி வருகிறது. திறக்கும் சாவி, கேடிஎம் என்பார்கள், குறிப்பிட்ட ப்ரொஜெக்டருக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டும் வேலை செய்யும். சென்னையிலோ மும்பையிலோ கடன் தீராவிட்டால், வழக்கு இருந்தால், சாவி வராது. 2025 மார்ச் 27இல் 'வீர தீர சூரன்' நீதிமன்றச் சிக்கலால் காலைக் காட்சிகளை இழந்து மாலையில்தான் திரைக்கு வந்தது. இப்படி நடந்தால் முதல் நாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த நாளை முதல் நாளாக வைத்துக் கணிப்பதுதான் சரி.

ஹட்டன்:

பண்டாரவளைத் தம்பி மழை பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விமர்சனம் பொருட்டே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். தமிழ்நாட்டில் முதல் ஷோ காலை 9 மணி. நம்ம 10.30 ஷோ தொடங்கும்போது அங்கே இடைவேளை முடிந்திருக்கும். அந்த நேரத்தில் ஃபோனில் வருவது முதல் பாதி டோக், அது எப்போதுமே இனிப்பாகத்தான் இருக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் வருவதுதான் முழுப்பட டோக். அது இங்கே மெட்னியைத் தொடாது, 6.30 ஷோவைத் தொடும். ஆகவே முதல் நாள் 6.30க்கு வந்த கூட்டம் மெட்னியைவிடக் குறைந்தால் அது டோக்கின் வேலை. மழை பெய்யாத நாளாக இருந்தால் மட்டும். 2025 ஜூன் 5 'தக் லைஃப்' போல எதிர்பார்ப்பு மலையளவு இருந்த படங்களும் அதற்குத் தப்பவில்லை.

சின்னப் படங்களுக்கு இங்கே வேறு ஒரு தடை. ஒற்றைத் திரை டவுனில் பெரிய படம் இறங்கினால்தான் அடுத்தது ஏறும். 'டூரிஸ்ட் ஃபேமிலி' தமிழ்நாட்டில் நாளுக்கு நாள் காட்சி கூடிய படம். அதுவும் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் கதை, நம்ம பக்கம் வராமல் இருக்க முடியாது. ஆனால் அப்படியான படம் மலைக்கு மூன்று வாரம் கழித்து வந்தால், பெரும்பாலான தமிழ்ப் படங்களுக்கு நாலு வாரத்தில் ஓடிடி என்பதால், அரங்குக்கு மிஞ்சுவது ஏழெட்டு நாள். அதற்குள் சம்பளத் திகதி விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் பெருக்கும் எண்ணை மூன்று என்று வையுங்கள். விழாவிட்டால் சனி, ஞாயிறை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

தலவாக்கலை:

பழைய படம் திரும்ப வந்தால்? 2024 ஏப்ரல் 20 'கில்லி' மாதிரி?

ஹட்டன்:

அதற்கு மேலே சொன்ன பெருக்கல் எதுவும் வேண்டாம். டோக் என்று ஒன்று கிடையாது, கதை எல்லாருக்கும் தெரியும். சத்தம் போட வரும் பொடியன்கள் ஊரில் இருக்கும் நாளில் மட்டும் நிறையும். ஏப்ரல் 12க்கும் 16க்கும் இடையில் போட்டால் எல்லா ஷோவும் போடலாம். 20க்குப் பிறகு என்றால் சனி இரவு, ஞாயிறு மெட்னி இரண்டு மட்டும் போதும், அதிலும் பல்கனியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.