வளைவுல தையல்: நீங்க எங்க மாட்டினீங்க?

வியாசர்பாடியில வீட்டுலயே பர்ஸ், பெல்ட் தைக்கிறேன். நேர்த்தையல் கை வந்ததும், காயின் பர்ஸுக்கு அஞ்சு ரூபா நாணயத்தை வெச்சு மூலை வளைவு வரைஞ்சேன். துணி தைச்சுப் பழகின கை, மிஷின் ஓடும்போதே தோலைத் திருப்பிட்டேன். வளைவு மூணு கோணமா உடைஞ்சு நின்னுது. பிரிச்சுத் தைக்கவும் வழியில்ல. துணியில ஊசித் துளை மூடிக்கும், தோல்ல அப்படியே நிக்கும்.

பெரியமேட்டுக்குத் தோல் வாங்கப் போனப்ப, அங்க ஷூ அப்பர், அதாவது ஷூவோட மேல்பாகம் தைக்கிற பாய் ஒருத்தர்கிட்ட காட்டினேன்.

"ஊசி எங்க இருக்கும்போது திருப்புனே தம்பி?"

"கீழதான் பாய்."

"கீழன்னா எவ்ளோ கீழ?"

முழிச்சேன். கை வீலைச் சுத்திக் காட்டினார். ஊசி அடிமட்டம் போயிட்டு, துளி மேல ஏறத் தொடங்கணும். அப்பதான் நூல் கண்ணி விரியும், கீழ இருக்கிற கொக்கி அதைப் பிடிக்கும். பிடிச்ச பிறகு, தோலை மேலேருந்து அமுக்கிப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கித் தோலைத் திருப்பணும். அதுக்கு முன்னாடி திருப்பினா கண்ணி கோணிக்கும், கொக்கி தவறவிடும், தையல் விட்டுப்போகும். இது தெரியாம ஊசி மேல பழி போட்டு ரெண்டு பாக்கெட் மாத்தியிருக்கேன்!

வளைவு நெருங்கும்போதே தையல் நீளத்தை 4 மில்லியிலேருந்து 2.5-க்கு இறக்கச் சொன்னார். அதுக்கும் கீழ போனா தபால் தலை மாதிரி துளை வழியா கிழிஞ்சுடுமாம். வளைவு முடியுற வரைக்கும் மோட்டாரைத் தொடாம வீலைக் கையாலயே சுத்தணும்.

---

அண்ணா, எங்கப்பாவுக்கு வண்ணாரப்பேட்டையில செருப்பு ரிப்பேர் கடை. சிங்கர் 29கே பேட்ச் மிஷின் வெச்சிருக்கார். அதுல ஃபுட்டே சுத்தும், தோலைத் திருப்பவே வேணாம், எந்தத் திசையிலயும் தைக்கலாம். கீழ்நூல் சுத்தி வைக்கிற பாபின்தான் குட்டி, பாதி வேலையில நூல் தீர்ந்துடும். பெல்ட் மாதிரி நீளத் தையலுக்கு அது ஒத்து வராது.

---

நான் அப்பர் யூனிட்ல வேலை பார்த்தவ. தைக்கிற இடம் தூண் மாதிரி உசந்து நிக்கிற போஸ்ட் மிஷின்ல, சின்னச் சக்கரம் மாதிரி இருக்கிற ரோலர் ஃபுட் தோலைச் சின்ன இடத்துலதான் தொடும், வரைஞ்ச கோடு கண்ணுக்கு நல்லாத் தெரியும். தட்டை மிஷின்ல அகலமான ஃபுட் கோட்டையே மறைச்சிடும். முதல்ல ஒல்லியான ஃபுட் மாத்திப் பாருங்க தம்பி.

---

மாத்திட்டேன் அக்கா. நேத்து புது பர்ஸோட பாய்கிட்ட போனேன். முன்பக்கம் பார்க்கவேயில்ல. மூடியைத் திறந்து அடித்தையலை நகத்தால தடவிப் பார்த்துட்டு, "டீ சொல்லு"ன்னார்.