டுஷேன் ரிப்போர்ட்டும் பேச்சுத் தாமதமும்

கார்த்தி: அத்தை, டுஷேன் தசைச்சிதைவு (பசங்களோட தசை வருஷா வருஷம் பலவீனமாகுற பரம்பரை நோய்) ஜீன் ரிப்போர்ட்ல "எக்ஸான் 45–50 டெலிஷன்"னு, அதாவது ஜீன்ல புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டுகள்ல 45-லேருந்து 50 வரை காணோம்னு வந்தா, பையன் பேச லேட் ஆனதுக்கும் அதுதான் காரணமா?

மீனா அத்தை: இருக்கலாம்டா. இந்த நோய்ல இல்லாமப் போற டிஸ்ட்ரோஃபின் தசைக்கு மட்டுமான புரதம் இல்ல. எக்ஸ் குரோமோசோம்ல 79 எக்ஸான் உள்ள அதோட ஜீனை மூளை பல இடத்துலேருந்து படிக்க ஆரம்பிக்கும், அதனால பல அளவுல புரதம் வரும். முழு நீளப் புரதம் டிபி427. இன்ட்ரான் 44-ல, அதாவது எக்ஸான் 44-க்கும் 45-க்கும் நடுவுல உள்ள பகுதியில தொடங்குறது டிபி140, கரு மூளையில நிறைய இருக்கும். இன்ட்ரான் 62-ல தொடங்குறது டிபி71.

சுதா அண்ணி: பழுது 63-க்கு அப்புறம்னா மூணுமே அடிபடும். படிப்புச் சிக்கல் அங்கதான் அதிகம்.

கார்த்தி: அப்போ 45–50ல டிபி140 போயிடுமா?

மீனா அத்தை: அதைத்தான் ரிப்போர்ட் சொல்லாது. இன்ட்ரான் 44 கிட்டத்தட்ட ரெண்டரை லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளம். வெட்டு டிபி140 புரோமோட்டருக்கு (அதைப் படிக்கத் தொடங்க வைக்கற இடம்) முன்னாடியா பின்னாடியான்னு எம்எல்பிஏவுல (எந்த எக்ஸான் இருக்கு, இல்லைன்னு பார்க்கற டெஸ்ட்) தெரியாது, அதோட புரோப் (தேடி ஒட்டுற சின்ன டிஎன்ஏ துண்டு) உக்கார்றது எக்ஸான்ல. ஒரே டெலிஷன் இருக்கற ரெண்டு பசங்க படிப்புல வேற வேற மாதிரி இருக்க இதுவும் ஒரு காரணம்.

முரளி மாமா: மாப்ள, ஒரே ஒரு எக்ஸான் போனதா வந்தா உடனே நம்பாதே. புரோப் ஒட்டுற இடத்துல ஒரு எழுத்து மாறினாலே சிக்னல் விழுந்துடும். பிசிஆர்ல (அந்த இடத்தை மட்டும் நகலெடுத்துப் பார்க்கற டெஸ்ட்) சரிபார்க்கணும். எம்எல்பிஏ நார்மல்னா அடுத்தது சீக்வென்சிங், ஜீனை எழுத்து எழுத்தா படிக்கறது.

கார்த்தி: எக்ஸான் 51-ஐத் தாண்ட வைக்கற ஸ்கிப்பிங் மருந்து மூளைக்கும் உதவுமா மாமா?

முரளி மாமா: முதல்ல தசைக் கணக்கைப் பாரு. 45-லேருந்து 50 வரை ஒவ்வொரு எக்ஸான்லயும் போன எழுத்து:
176+148+150+186+102+109 = 871
மூணால வகுத்தா 1 மிச்சம், மூணு மூணு எழுத்தா படிக்கற ஃபிரேம் உடைஞ்சுது. 51-ல 233 எழுத்து. அதையும் தாண்டினா 1104, மிச்சமே இல்ல. குட்டையா இருந்தாலும் புரதம் வரும்.

மீனா அத்தை: மூளைக்கு உதவாது. ரத்தத்துல ஏத்துற மருந்து மூளையோட தடுப்பைத் தாண்டாது. டிபி140 புரதம் தொடங்குற எழுத்தே 51-க்குள்ளதான் இருக்கு, 51-ஐத் தாண்டினா அதுவும் போயிடும், அதையும் மறக்கக்கூடாது.

சுதா அண்ணி: அதனால பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடவே கூடாது தம்பி. தசை மாதிரி இந்தப் பேச்சு, படிப்புச் சிக்கல் வருஷா வருஷம் மோசமாகாது. காதுல கேட்டதை மனசுல பிடிச்சு வைக்கறதுதான் கஷ்டம். "பையை எடு, ஷூ போடு, வாசல்ல நில்லு"ன்னு ஒரே மூச்சுல சொன்னா பாதி நழுவிடும். ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது சொல்லணும். சோம்பேறின்னு திட்டுறது பெரிய அநியாயம்.

கார்த்தி: ஐக்யூ டெஸ்ட் எடுக்கலாமா அண்ணி?

சுதா அண்ணி: எடுக்கலாம். கட்டை அடுக்குறது, வேகமா எழுதுறது மாதிரி நேரம் வெச்சுப் பார்க்கற பகுதியைத் தனியா காட்டச் சொல்லுங்க. கை வலுவில்லாததால மார்க் குறையும், அதை அறிவுக் குறைவுன்னு எழுதிடுவாங்க.