‘கேப்பிங்’: திரைமுந்தலா, கீற்றடைப்பா?

வணக்கம். பழைய மெக்கானிக்கல் பிலிம் கேமரா வாங்குவோருக்கான ஷட்டர் சோதனைக் குறிப்பு ஒன்றுக்குக் கலைச்சொற்கள் தேவை. ‘ஷட்டர்’ என்பதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ‘மூடி’ என்று எழுதினால் லென்ஸ் மூடியோடு குழம்பும். சிக்கல் ‘கேப்பிங்’ என்ற பழுதில்தான்.

தெரியாதவர்களுக்காக: பிலிமுக்குச் சற்று முன்னால் இருக்கும் குவியத்தள ஷட்டர்கள் பலவற்றில் ரப்பர் பூசிய துணித்திரைகள் இரண்டு. முதலாவது ஓடிப் பிலிமைத் திறக்கும், இரண்டாவது அதன் பின்னாலேயே ஓடி மூடும். பெரும்பாலான துணித்திரைக் கேமராக்களில் 1/60 வினாடிக்கு மேற்பட்ட வேகங்களில் பிலிம் முழுவதும் ஒரே சமயத்தில் திறந்திருக்காது. இரண்டு திரைகளுக்கும் நடுவிலுள்ள இடுக்கு மட்டும் பிலிமின்மேல் நகர்ந்து போகும். இரண்டாவது திரை முதலாவதை வழியிலேயே எட்டிவிட்டால் அங்கிருந்து படம் இருட்டு. இதுதான் கேப்பிங். இதற்குத் ‘திரைமுந்தல்’, இடுக்குக்குப் ‘பிளவு’, திரைகளுக்கு ‘முன்திரை, பின்திரை’ என்று முன்வைக்கிறேன்.

* * *

ஷட்டர் ஷட்டராகவே இருக்கட்டும், அதில் வழக்கில்லை. ‘திரைமுந்தல்’, ‘முன்திரை, பின்திரை’ ஆகியவற்றில் எனக்கு மறுப்பு உண்டு.

‘முந்தல்’ என்றால் இரண்டாவது திரை அவசரப்பட்டது போல ஒலிக்கிறது. உண்மையில் அநேகமாகத் தப்பு முதல் திரையின் மேல்தான். திரை சுற்றும் உருளையின் தாங்கிகளில் பழைய எண்ணெய் பசையாகி, சுருள்வில்லும் தளர்ந்து, அது மந்தமாக ஓடுகிறது. இரண்டாவது முந்திப் போவதும் இல்லை, தன் வேகத்தில் வந்து இடிக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். 36 மி.மீ. அகலத்தைத் திரை 15 மில்லிவினாடியில் கடக்கிறது என்று வையுங்கள். (ஓட ஓட வேகம் கூடும்; இது சராசரிக் கணக்கு.) 1/1000இல் இடுக்கின் அகலம் 2.4 மி.மீ. முதல் திரைக்கு மட்டும் 15க்குப் பதில் 16 மில்லிவினாடி ஆனால் போதும், ஓட்டத்தின் முடிவில் இடுக்கு அடைபட்டுவிடும். அதே கேமராவில் 1/500இல் தொடக்கத்தில் 2, முடிவில் 1 மில்லிவினாடி. ஒரு விளிம்புக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் குறைவு, அதாவது பாதி. 1/125இல் 8 என்பது 7 ஆகும், கண்ணுக்கே தெரியாது. “எல்லா வேகமும் வேலை செய்கிறது” என்று விற்பவர் நடுத்தர வேகங்களை மட்டும் அழுத்திக் காட்டினால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

‘முன்திரை, பின்திரை’யும் வேண்டாம். லென்ஸ் பக்கத்துத் திரை, பிலிம் பக்கத்துத் திரை என்றுதான் வாசகர் படிப்பார். ‘திறப்புத்திரை, மூடுதிரை’ என்றால் வேலையே பெயராகிவிடும்.

* * *

திறப்புத்திரை, மூடுதிரை இரண்டுக்கும் என் ஓட்டு. ‘பிளவு’ பற்றி: பழைய துணித்திரையில் ரப்பர் உண்மையாகவே வெடித்துப் பிளக்கும். “திரையில் பிளவு இருக்கிறதா பாருங்கள்” என்று எழுதினால் எந்தப் பிளவு? நகரும் இடுக்கு வழியே விழுவது ஒரு கீற்று வெளிச்சம். ‘கீற்று’ என்றே சொல்லலாம். அப்படியானால் அது முழுக்க மூடிக்கொள்வது ‘கீற்றடைப்பு’. போகப்போகக் குறுகுவது ‘கீற்றொடுக்கம்’. இந்த இரண்டும் வேறு வேறு. வாங்குபவர் தவறவிடுவது இரண்டாவதைத்தான்.

கீற்றடைப்பைக் கண்ணாலேயே பிடிக்கலாம். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, சூரியன் இல்லாத வானப்பகுதியை நோக்கிப் பிடித்து 1/1000இல் அழுத்த வேண்டும். பார்வையை ஒருமுறை வலது விளிம்பிலும் ஒருமுறை இடது விளிம்பிலும் நிறுத்த வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் பெரும்பாலான கிடைத்திரைகள் (பக்கவாட்டில் ஓடும் திரைகள்) வலமிருந்து இடமாக ஓடும். ஆகவே பழுது தெரிவது இடது விளிம்பில். பிம்பம் தலைகீழாக விழுவதால் படத்தில் இருள்வது வலப்பக்கம். நிலைக்குத்தாக ஓடும் உலோகத்தகடு ஷட்டரில், கோப்பல் ஸ்கொயர் போன்றவற்றில், மேல்கீழாகப் பார்க்க வேண்டும்.

ஒரு ஸ்டாப் ஒடுக்கத்தைக் கண் நம்பகமாகச் சொல்லாது. அதற்குக் கைப்பேசியைப் பின்பக்கம் அசையாமல் நிறுத்தி, அதன் கேமராவில் 1 வினாடி எக்ஸ்போஷர் வைத்து, அந்த ஒரு வினாடிக்குள் ஷட்டரை ஒருமுறை அழுத்தினால், கீற்று கடந்த வெளிச்சம் மொத்தமும் ஒரே படமாகச் சேரும். எதிரே பகல் வெளிச்சம் படும் வெள்ளைத்தாள், கைப்பேசி இருக்கும் பக்கம் இருட்டு. சட்டகம் ஒரு பக்கம் படிப்படியாக மங்கினால் கீற்றொடுக்கம். எல்இடி விளக்கு கூடாது: பல விளக்குகள் மின்னோட்டத்தோடு வினாடிக்கு 100 அல்லது 120 முறை துடிப்பதால் நல்ல ஷட்டரிலும் பட்டை பட்டையாக இருள் தெரியும்.

இன்னொன்று. அலமாரியில் கிடந்த கேமராவின் முதல் இரண்டு மூன்று அழுத்தல்கள்தான் உண்மை பேசும். இருபது முப்பது முறை ஓட்டிவிட்டால் பசை இளகி, பழுது அன்றைக்கு ஒளிந்துகொள்ளும்.

* * *

குறிப்பில் விடக்கூடாத சில. ‘ஊசித்துளை’ என்ற சொல் ஏற்கெனவே இயல்பாக இருக்கிறது, புதிதாக வேண்டாம். இருட்டறையில் லென்ஸ் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பின்னால் பார்க்க வேண்டும். ஷட்டரை முறுக்கிய (அழுத்தத் தயாரான) நிலையில் ஒருமுறை, அழுத்திய நிலையில் ஒருமுறை. முறுக்கியிருக்கும்போது மறைப்பது திறப்புத்திரை, அழுத்தியபின் மறைப்பது மூடுதிரை. ஒரு நிலையில் மட்டும் பார்த்தால் பாதிச் சோதனைதான். லென்ஸுக்கும் திரைக்கும் நடுவில் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் லென்ஸ் வழியே சூரியன் குவிந்து சுட்ட ஒற்றைத் துளையும் இருக்கலாம்.

மூடுதிரை ஓட்டத்தின் முடிவில் மோதித் திரும்பினால் விளிம்பில் வெளிச்சப்பட்டை விழும். இருள் விழுந்தால் கீற்றடைப்பு, வெளிச்சம் விழுந்தால் ‘திரைத்துள்ளல்’.

மெதுவேகங்களைக் கைப்பேசியில் வினாடிக்கு 240 சட்டகம் வீடியோ எடுத்து எண்ணலாம்: 1 வினாடிக்கு 240, 1/4க்கு 60, 1/15க்கு 16. 1/60இல் நான்கே சட்டகம், ஒன்று பிசகினால் கால்பங்கு பிழை. அதற்கு மேல் இந்த முறை உதவாது. 1 வினாடியில் பற்சக்கர ஒலி சீராக இரைய வேண்டும். திக்கித் திக்கி நின்றால் எண்ணெய் இறுகிவிட்டது. சோர்க்கி, ஃபெட் போன்ற சோவியத் கேமராக்களில் முதலில் முறுக்கு, பிறகு வேகத்தை மாற்று. இந்த வரிசை கட்டாயம். செல்ஃப்டைமரைத் தொடாமலிருப்பது நல்லது, பாதியில் சிக்கினால் ஷட்டரும் சிக்கும்.

மெல்லிய தகடுகள் இதழ்போல விரிந்து மூடும் இதழ் ஷட்டரில் திரையே இல்லை. அங்கே கீற்றடைப்பும் இல்லை. அதன் நோய் இதழ்களில் எண்ணெய் கசிந்து ஒட்டிக்கொள்வது. ‘இதழொட்டல்’ போதும்.

* * *

எல்லாம் சரி. ‘ஒடுக்கம்’ மட்டும் உறுத்துகிறது. யாரோ ஒடுக்கியது போல இருக்கிறது. தானாக நிகழ்வதால் ‘கீற்றொடுங்கல்’ என்று தன்வினையில் வைக்கலாமே?

* * *

‘ஒடுக்கம்’ ஒடுங்குவதற்கும் பெயர்தான், இடம் ஒடுக்கமாக இருக்கிறது என்கிறோமே. ஆனால் வினையாக எழுதும்போது “1/1000இல் கீற்று ஒடுங்குகிறது” என்றே எழுதுங்கள். பெயர் தேவைப்படும் இடத்தில் கீற்றொடுக்கம் இருக்கட்டும்.